92% ஒத்துப்போகிறது, கப்பா மட்டும் 0.29. யார் தப்பு?

கேள்வி, 2024 ஜூன் 8

காசநோயாளிகளிடம் எடுத்த நேர்காணல்கள். நானும் தோழியும் தனித்தனியாக 100 பகுதிகளுக்குக் கோடிங் செய்தோம், அதாவது எந்தப் பகுதியில் எந்த விஷயம் வருகிறது என்று பெயர் (கோட்) குறித்தோம். 'நோயை மறைத்தல்' என்று ஒரு கோட். இரண்டு பேரும் 'உண்டு' என்றது 2 இடம், இரண்டு பேரும் 'இல்லை' என்றது 90. நான் மட்டும் 'உண்டு' என்றது 4, அவள் மட்டும் 4. ஆக 92% ஒத்துப்போகிறது. ஆனால் இருவர் ஒப்புதலை அளக்கும் கப்பா என்ற எண் 0.29 என்று வருகிறது. கைடு "இதை வைத்துக்கொண்டு வைவாவுக்குப் போகாதே, உட்கார்ந்து பேசி 0.7 வரும்வரை மாற்றுங்கள்" என்கிறார். மென்பொருள் தப்பா, நாங்கள் தப்பா?

பதில், ஜூன் 8, இரவு

மென்பொருளைத் திட்டாதீர்கள். கையால் போட்டாலும் 0.29தான்.

நீங்கள் 100இல் 6 முறை 'உண்டு' என்றிருக்கிறீர்கள், தோழியும் 6 முறை. இரண்டு பேரும் டிரான்ஸ்கிரிப்டைத் திறக்காமலே, கண்ணை மூடிக்கொண்டு, இதே விகிதத்தில் டிக் அடித்திருந்தால் எவ்வளவு ஒத்திருக்கும்? இரண்டு 'உண்டு' ஒரே இடத்தில் விழ 0.06 × 0.06. இரண்டு 'இல்லை' விழ 0.94 × 0.94. கூட்டினால் 0.887. படிக்காமலே 88.7% கிடைத்திருக்கும்! படித்து எடுத்தது 92. மிச்சமிருந்த 11.3இல் நீங்கள் சம்பாதித்தது 3.3. வகுத்துப் பாருங்கள். கப்பாவைக் கொண்டுவந்த ஜேக்கப் கோஹன் 1960இல் எழுதிய கட்டுரையின் சாரம் இவ்வளவுதான்: குருட்டாம்போக்கில் கிடைப்பதைக் கழித்துவிட்டுப் பேசு.

இதே எட்டுச் சண்டையோடு 'உண்டு' 46, 'இல்லை' 46 என்று இருந்தால் குருட்டு ஒப்புதல் 50%, கப்பா 0.84. சதவீதம் அதே 92தான்.

இன்னொரு விதமாகவும் பாருங்கள். உங்களில் யாராவது ஒருவர் 'உண்டு' என்று சொன்ன இடங்கள் பத்து. அதில் இரண்டில்தான் இருவரும் சேர்ந்திருக்கிறீர்கள். மற்ற 90 இடமும் அந்தக் கோடுக்குச் சம்பந்தமே இல்லாத பேச்சு: சாப்பாடு, பஸ், மாத்திரை கசக்கிறது. அதில் ஒத்துப்போக எந்தத் திறமையும் வேண்டாம்.

0.7 என்பது கப்பாவுக்குப் படிகள் வகுத்த லாண்டிஸும் காக்கும் 1977இல் போட்ட எல்லை. அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம்.

ஜூன் 9, காலை

நேற்று ராத்திரி தூக்கக் கலக்கத்தில் எழுதியதில் கடைசி வரி தப்பு. லாண்டிஸ்-காக் அட்டவணையில் 0.7 என்ற எல்லையே கிடையாது. 0.41 முதல் 0.60 வரை நடுத்தரம், 0.61 முதல் 0.80 வரை கணிசம், அதற்கு மேல் ஏறக்குறைய முழுமை. உங்கள் 0.29 அதில் 0.21–0.40 என்ற படியில் விழும். அந்தப் பிரிவுகள் மனம்போன போக்கில் போட்டவை என்று அவர்களே அந்தக் கட்டுரையில் ஒப்புக்கொள்கிறார்கள். அந்த வாக்கியத்தை மட்டும் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. கப்பா போன்ற இன்னொரு ஒப்புதல் அளவையான கிரிப்பென்டார்ஃபின் ஆல்ஃபாவுக்கு 0.800 வேண்டும் என்பார்கள், தற்காலிக முடிவுகளுக்கு 0.667 வரை இறங்கலாம். உங்கள் கைடின் 0.7 எங்கிருந்து வந்தது என்று அவரையே கேளுங்கள். வேண்டாம், கேட்காதீர்கள், தீசிஸ் முடியட்டும்.

ஜூன் 9, மதியம்

"92% என்று போட்டால் போதாதா, வாசிப்பவருக்குப் புரியுமே" என்று ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார். அவருக்காக ஒரு பழைய கதை.

1884இல் அமெரிக்க ராணுவத்தின் வானிலைப் பிரிவில் ஃபின்லி என்ற சார்ஜன்ட், எந்த வட்டாரத்தில் சூறாவளி வரும், எங்கே வராது என்று முன்கூட்டிச் சொல்லி வந்தார். மொத்தம் 2803 கணிப்புகள். வரும் என்று சொல்லி வந்தது 28. சொல்லியும் வராதது 72. சொல்லாமல் வந்தது 23. வராது என்று சொல்லி வராதது 2680. அவர் கணக்கில் 96.6% சரி. பிரமாதம்! அதே வருடம் கில்பர்ட் என்ற புவியியலாளர் கணக்குப் போட்டுக் காட்டினார்: தினமும் "சூறாவளி வராது" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் 98.2% சரியாக இருந்திருக்கும்.

ஃபின்லியின் அட்டவணைக்கு இன்று கப்பா போட்டால் ஏறக்குறைய 0.36. உங்களோடதைவிடக் கொஞ்சம் தேவலாம்.

ஜூன் 11

சரி, என் சொந்தக் கதை. கொஞ்சம் நீளம்.

சில வருடங்களுக்கு முன் நெல்லைப் பக்கம் ஒரு ஆய்வில் இருந்தேன். சர்க்கரை நோயாளிகளைக் கண் பரிசோதனைக்கு வரச் சொன்னால் ஏன் வருவதில்லை என்பது கேள்வி. என்னோடு கோடிங் செய்தவர் ஒரு அக்கா, பதினைந்து வருடம் கிராமங்களில் செவிலியராக நடந்தவர். நான் ஊருக்கே புதுசு, கோட்புக் (எந்தக் கோடை எங்கே போடுவது என்ற விதிகள்) மட்டும் மனப்பாடம். முதல் சுற்றில் பல கோட்கள் நன்றாகவே ஒத்துப்போயின. பணச்சிக்கல், கூட வர ஆளில்லை, பஸ் வசதி எல்லாம் சுலபம். 'மறுப்பு', 'தயக்கம்' என்ற இரண்டு கோட் மட்டும் படுத்துவிட்டன.

ஏன் என்று தேடினால் எல்லாச் சண்டையும் ஒரே சொல்லில் வந்து நின்றது: "பார்ப்போம்". "கேம்புக்கு வர்றீங்களா?" என்று கேட்டால் "பார்ப்போம்" என்கிறார்கள். நான் அதைத் தயக்கம் என்று போட்டிருந்தேன், இன்னும் முடிவெடுக்கவில்லை என்ற அர்த்தத்தில். அக்கா எல்லா இடத்திலும் மறுப்பு. "தம்பி, பார்ப்போம்னா வரமாட்டாங்கன்னு அர்த்தம். நான் எத்தனை வாசல்ல நின்னு கேட்ட வார்த்தை இது. முகத்துக்கு நேரா முடியாதுன்னு யாரு சொல்லுவா?"

ஆடியோவைப் போட்டுக் கேட்டோம். சொல்லின் நீளம் வேறு வேறாக இருந்தது. இழுத்துச் சொன்ன "பார்ப்போ...ம்" ஒன்று, டக்கென்று வெட்டிய "பார்ப்போம் பார்ப்போம்" ஒன்று. டிரான்ஸ்கிரிப்டில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. தட்டச்சு செய்த பையன் மேல் குற்றமில்லை, இழுப்பை எழுது என்று நாங்கள் சொல்லவேயில்லை.

கோட்புக்கில் விதி எழுதினோம். நேரடியாகக் கேட்ட கேள்விக்குத் தேதியோ நிபந்தனையோ இல்லாமல் வரும் "பார்ப்போம்" மறுப்பு. "மகன் லீவுல வரட்டும், பார்ப்போம்" என்பது தயக்கம். இரண்டாம் சுற்றில் கப்பா நன்றாக ஏறியது. அறிக்கையில் பெருமையாகப் போட்டோம்.

ஆகவே உங்களுக்கு என் யோசனை: எட்டுச் சண்டையையும் எடுத்து வைத்து, எந்தச் சொல்லில் மோதுகிறீர்கள் என்று பாருங்கள். அந்த எண்ணைவிட அந்த எட்டுப் பகுதிகள்தான் உங்களுக்கு வேலை செய்யும்.

ஜூன் 11, கொஞ்ச நேரம் கழித்து

'கோட்' என்பதற்கு இரண்டாம் வேற்றுமை என்ன? "கோடை மாற்று" என்றால் வெயில் குறைகிறது. "கோட்டை மாற்று" என்றால் ராஜா வேறு ஊருக்குப் போகிறார். 'குறியீடு' என்று எழுதலாம்தான், ஆனால் எங்கள் டீமில் அந்தச் சொல்லை வாயால் சொன்ன ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. கப்பா மட்டும் ரொம்பப் பொருத்தம். ரிவியூவருக்குக் கட்டும் கப்பம்.

ஜூன் 15

எந்த அளவுத் துண்டுக்குக் கோட் போடுகிறீர்கள் என்பதை நான் கேட்கவே இல்லை, முதலில் கேட்டிருக்க வேண்டியது அது. 100 'பகுதி' என்கிறீர்கள். அதை வெட்டியது யார்? முன்கூட்டியே ஒருவர் வெட்டிக் கொடுத்திருந்தால் பிரச்சினையில்லை. இருவரும் அவரவர் விருப்பத்துக்கு மஞ்சள் தீட்டினால் நான் ஒரு வாக்கியம் தீட்டுவேன், நீங்கள் கேள்வியையும் சேர்த்து ஒரு பத்தி தீட்டுவீர்கள். அர்த்தத்தில் ஒத்துப்போகிறோம், நீளத்தில் சண்டை.

என்விவோ போன்ற கோடிங் மென்பொருளில் எழுத்துகளை எண்ணித்தான் ஒப்பிடுவது வழக்கம். ஒரு மணி நேர நேர்காணலில் ஆயிரக்கணக்கான எழுத்துகள் எந்த மஞ்சளும் இல்லாமல் கிடக்கும், அவ்வளவும் 'இல்லை' என்று இருவரும் ஒத்துக்கொண்டதாகச் சதவீதத்தில் சேரும். அப்புறம் 98%, 99% என்று வராமல் என்ன செய்யும்! ஃபின்லி சார்ஜன்ட் ஞாபகம் வருகிறதா?

ஜூன் 16

ஆங்கிலத்தில் மொழிபெயர்த்ததை வைத்துக் கோடிங் செய்யலாமா என்று யாரோ கேட்டது கண்ணில் படாமல் போயிற்று.

எங்கள் ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்கள் ஆங்கில டிரான்ஸ்கிரிப்டும் கேட்டார்கள். சும்மா ஒரு சோதனைக்காகச் சில நேர்காணல்களை ஆங்கிலத்திலும் தனியாகக் கோடிங் செய்து பார்த்தோம். அங்கே 'தயக்கம்' என்ற கோடில் நானும் அக்காவும் அழகாக ஒத்துப்போனோம். எனக்கு ஒரே சந்தோஷம். அக்காவுக்குத்தான் உறைத்தது: மொழிபெயர்த்தவர் எல்லா "பார்ப்போம்"களையும் 'யோசித்துச் சொல்கிறேன்' என்ற அர்த்தத்தில் ஆங்கிலமாக்கியிருந்தார். சண்டை எழுவதற்கு முன்பே மூன்றாவது ஆள் ஒருவர் தீர்ப்பு எழுதிவிட்டார், நாங்கள் இருவரும் அவருடைய தீர்ப்பைப் படித்துத் தலையாட்டியிருக்கிறோம். அவர் பெயர் கோடிங் செய்தவர்கள் பட்டியலில் கிடையாது.

தமிழில் எண் இறங்கி இருந்தது, ஆங்கிலத்தில் ஏறி இருந்தது. எது நல்ல டேட்டா என்று கேட்டால் யோசிக்காமல் தமிழ் என்பேன்.

ஜூன் 20

ஜூன் 11 அன்று எழுதியதை மறுபடி படித்தேன். பெருமையாகப் போட்டோம் என்று எழுதியிருக்கிறேன். நாலு நாளாக அந்த வரி உறுத்துகிறது.

பழைய லேப்டாப்பில் அந்த எக்செல் இன்னும் இருக்கிறது. இரண்டாம் சுற்றுக்கு முன் நாங்கள் பேசித் தீர்த்த வரிசைகளை எண்ணிப் பார்த்தேன். 19. அதில் 17இல் நான் அக்கா பக்கம் மாறியிருக்கிறேன். அவர் என் பக்கம் வந்தது இரண்டே இடம், அதுவும் அவர் தவறான வரியில் டிக் அடித்த இடங்கள்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அனுபவம் இருந்தது. அதோடு அவர் அக்கா, நான் தம்பி. மதியம் டிபன் பாக்ஸில் எனக்கும் சேர்த்துக் கொண்டுவருவார். பத்தாவது வரிசைக்குப் பிறகு நான் ஆடியோவே கேட்கவில்லை என்று இப்போது ஞாபகம் வருகிறது. "நீங்க சொன்னா சரிதான்க்கா." ஏறிய கப்பாவில் எவ்வளவு விதியால் ஏறியது, எவ்வளவு மரியாதையால் ஏறியது என்று பிரிக்க எந்தச் சூத்திரமும் கிடையாது.

உங்கள் கைடு "உட்கார்ந்து பேசி மாற்றுங்கள்" என்கிறாரே, அதில் இதுதான் ஆபத்து. பேசலாம், பேச வேண்டும். ஆனால் பேசிய அதே 100 பகுதிக்கு மறுபடி கப்பா போட்டு அதை ஒப்புதல் என்று எழுதாதீர்கள். விதியைத் திருத்திய பிறகு இருவரும் பார்க்காத வேறு பகுதிகளை எடுத்துத் தனித்தனி அறையில் உட்காருங்கள். பேசுவதற்கு முன் வந்த எண், திருத்தியபின் புதுப் பகுதிகளில் வந்த எண், இரண்டையும் தீசிஸில் போடுங்கள். நாங்கள் செய்யவில்லை. அதனால்தான் சொல்கிறேன்.

ஜூன் 21

"ஒரே விடைத்தாளை இருவர் திருத்தும் இரட்டைத் திருத்தத்தில் இரண்டாவது ஆள் முதல் ஆளின் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டால் என்ன ஆகும்?" என்று ஒரு ஆசிரியர் கேட்கிறார். அதேதான் ஆகும். ஆனால் மதிப்பெண்ணுக்குச் சாதாரணக் கப்பா ஆகாது. 48க்கும் 50க்கும் நடுவில் இருப்பது சின்னச் சண்டை, 48க்கும் 70க்கும் நடுவில் இருப்பது பெரிய சண்டை. வரிசையுள்ள படிகளுக்கு எடை போட்ட கப்பா என்று கோஹனே 1968இல் ஒன்று கொடுத்தார். 'மறுப்பு', 'தயக்கம்', 'பயம்' இவற்றுக்கு வரிசை இல்லை, அங்கே அது வேண்டாம்.

ஜூன் 23

"இந்த எண்ணே வேண்டாம், பண்புசார் ஆய்வில் இதற்கு இடமில்லை" என்கிற கட்சிக்கு.

பாதி ஒத்துக்கொள்கிறேன். தீம் (நேர்காணல்களில் இழையோடும் கருப்பொருள்) தேடும் முறை பற்றிப் பிரவுன், கிளார்க் இருவரும் எழுதிய 2006 கட்டுரையை மேற்கோள் காட்டிவிட்டு அடுத்த பத்தியிலேயே கப்பா போடும் தீசிஸ்கள் நிறைய. அவர்கள் முன்வைக்கும் முறையில் ஆய்வாளரின் பார்வை ஒரு கருவி, இரண்டு பேர் ஒரே தீம்களைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே கிடையாது. அந்த வழியில் போனால் கப்பா போடாதீர்கள், ரிவியூவர் கேட்டாலும் ஏன் போடவில்லை என்று எழுதுங்கள். இப்படிப்பட்ட ஆய்வை எழுதும்போது என்னென்ன சொல்ல வேண்டும் என்று சுகாதார இதழ்கள் பல கேட்கும் கோரெக் பட்டியல் 2007இல் வந்தது, 32 கேள்வி. எத்தனை பேர் கோடிங் செய்தார்கள் என்று அதில் உண்டு. கப்பா எவ்வளவு என்று இல்லை.

ஆனால் நீங்கள் இருவர் வேலையைப் பங்கு போட்டு, ஒரே கோட்புக்கை வைத்து, "இத்தனை பேர் நோயை மறைத்தார்கள்" என்று எண்ணப் போகிறீர்களா? அப்படியானால் சோதிக்காமல் தப்பிக்க முடியாது. எண்ணிக்கை வேண்டும், ஒப்புதல் மட்டும் வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம்?

டேவிட் ஆம்ஸ்ட்ராங்கும் கூட்டாளிகளும் 1997இல் செய்ததை இதில் சொல்லியாக வேண்டும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ள பெரியவர்கள் மரபணுச் சோதனை பற்றிப் பேசிய ஒரு குழு உரையாடல். அதே டிரான்ஸ்கிரிப்டை ஆறு அனுபவசாலிகளிடம் தனித்தனியாகக் கொடுத்து முக்கியத் தீம்களை எழுதச் சொன்னார்கள். அடிப்படைத் தீம்களில் நல்ல நெருக்கம் இருந்தது. அவற்றைக் கட்டிய விதம்தான் ஆளுக்கு ஆள் வேறு. கப்பாவில் பிடிபடாத வித்தியாசம் அது, ஏனென்றால் கப்பா போடவே முதலில் எல்லோருக்கும் ஒரே பெட்டிகளைக் கொடுத்தாக வேண்டும்.

ஜூன் 24

"அரிதான கோட் என்றால் கப்பா தாழும் என்கிறீர்களே, வேறு அளவை போட்டால்?" போடலாம். ஃபைன்ஸ்டைனும் சிச்செட்டியும் இந்த முரணை 1990இல் விரிவாக எழுதினார்கள். அதன்பின் திருத்தங்கள் வரிசையாக வந்தன. பைர்ட்டும் கூட்டாளிகளும் 1993இல் கொடுத்த திருத்தம் இரண்டு வகைக் கோடுக்கு ரொம்ப எளிது: ஒப்புதலை இரட்டித்து 1ஐக் கழி. உங்களுக்கு 2 × 0.92 − 1 = 0.84.

பார்த்தீர்களா? அட்டவணை ஒன்றுதான். 0.29 என்றும் சொல்லலாம், 0.84 என்றும் சொல்லலாம். ராசிக்கல் கடையில் ஒரு கல் பலிக்கவில்லை என்றால் இன்னொன்று எடுத்துக் கொடுப்பார்களே, அப்படி ஆகிவிடும். எந்த அளவை என்பதை டேட்டாவைப் பார்க்கும் முன் எழுதி வையுங்கள். இல்லையென்றால் அந்த நான்கு கட்ட அட்டவணையை அப்படியே தீசிஸில் ஒட்டிவிடுங்கள்: 2, 4, 4, 90. அதில் எதையும் மறைக்க முடியாது. என் ஓட்டு அதற்குத்தான்.

ஜூலை 2

மூன்று பேர் கோடிங் செய்தால் கோஹன் கப்பா ஆகாது, ஃப்ளைஸ் 1971இல் எழுதிய கட்டுரையைப் பாருங்கள் என்று ஒருவருக்குத் தனியாக எழுதியிருந்தேன். கூடவே "அது கோஹனின் நீட்சி" என்றும் எழுதிவிட்டேன். தப்பு. ஃப்ளைஸ் நீட்டியது ஸ்காட் 1955இல் கொடுத்த 'பை' அளவையை. பெயரில் மட்டும்தான் கப்பா. இரண்டு பேர் டேட்டாவை ஃப்ளைஸில் போட்டால் கோஹன் கப்பா அச்சாக வராமல் போகலாம், பயப்பட வேண்டாம். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் irr என்ற தொகுப்பில் இரண்டும் உண்டு.

ஜூலை 6

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார். எட்டுச் சண்டையையும் தோழியோடு உட்கார்ந்து படித்தார்களாம். ஐந்து இடங்களில் நோயாளி எதையும் மறைக்கவில்லை, வீட்டார் மறைத்திருக்கிறார்கள். மாமியார் தட்டைத் தனியாக வைத்துவிட்டு அக்கம்பக்கத்தில் "அல்சர்" என்று சொல்லிவைத்திருக்கிறார். மகளுக்குப் பெண் பார்க்க வரும் நாளில் அப்பாவை அத்தை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். 'நோயை மறைத்தல்' என்று கோட்புக்கில் எழுதியபோது யார் மறைப்பது என்று எழுதவில்லை. இப்போது இரண்டு கோட்களாகப் பிரித்துப் புதுப் பகுதிகளில் போட்டுப் பார்க்கப் போகிறார்கள். புது எண் என்ன வருமோ தெரியாது. கைடு இன்னும் 0.7 என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

வைவாவில் அந்த மாமியாரைப் பற்றிப் பேசுங்கள். யாரும் கப்பாவைக் கேட்க மாட்டார்கள். சரி, கேட்பார்கள். அப்போது 2, 4, 4, 90ஐக் காட்டுங்கள்.

ஜூலை 14

அக்காவுக்குப் போன் செய்தேன். ரிடையர் ஆகி மகள் வீட்டில் இருக்கிறார். ஜூன் 20இல் எழுதியதை அவரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது, சொல்லியும்விட்டேன். சிரித்தார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா." அந்த 19 வரிசையை, பழைய கோட்களை மறைத்துவிட்டு, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், மறுபடி ஒருமுறை போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். "பார்ப்போம் தம்பி" என்றார். தேதி இல்லை, நிபந்தனை இல்லை. எங்கள் விதிப்படி மறுப்பு. நானும் அத்தோடு விட்டுவிட்டேன்.

இன்று காலை பேப்பரில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். 19க்கும் போட்டிருக்கிறார். ஆறு இடத்தில் தயக்கம். பன்னிரண்டில் மறுப்பு. பதினான்காவது வரிசைக்கு நேரே மட்டும் கோட் எதுவும் இல்லை, "இதை ஆடியோ கேக்காம சொல்ல முடியாது" என்று எழுதியிருக்கிறார். ஆடியோ என்னிடம் இல்லை.